பாரம் ஏற்றியவர் யார்? மன்றில் நிற்பவர் யார்?

திருகோணமலைத் துறைமுகத்துள் நுழையும் சரக்குக் கப்பல் ஒன்றைக் கரையில் நின்று நோக்குங்கள். அதன் விலாவில் ஒரு வட்டமும் அதனை ஊடறுக்கும் கோடும் தீட்டப்பட்டிருக்கும். அக்கோடு நீருள் அமிழுமாறு சரக்கு ஏற்றலாகாது. அளவிறந்த பாரத்தோடு மாலுமிகளைக் கடலுக்கு அனுப்பிக் கொன்ற கொடுமையை எதிர்த்து, சாமுவேல் பிளிம்சோல் என்ற பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆற்றிய போராட்டத்தின் பயனாக, 1876ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. எவ்விடத்தில் வரைவது என்பதை மட்டும் முதலில் கப்பலுடையாரிடமே விட்டுவிட்டனர். புகைபோக்கியின்மேல் வரைந்த தலைவர் ஒருவரும் இருந்தார் என்றொரு கதையுண்டு! முதலாளியின் நேர்மையை நம்பி இயற்றப்படும் சட்டங்களின் கதி இதுவே.

கப்பலுக்குள்ள இக்காப்பு, சீனக்குடாவில் சீமெந்து மூடைகளையும் மா மூடைகளையும் ஏற்றிக் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் ஓடும் சிறு பிக்கப் வண்டிக்கு உண்டா? எல்லை வகுத்த எண் உண்டு. அதனை அறிந்தோர் எத்தனை பேர்? யப்பானில் ஓடிப் பழசாகி இங்கு இறக்குமதியான வண்டிகள் சிலவற்றின் பின்கதவில், ஏற்றத்தக்க பாரம் இவ்வளவு என்று எழுதப்பட்டே இருக்கிறது. எழுத்து யப்பானிய எழுத்து. நம் சாரதிக்கு அது வெறும் அலங்காரம்.

கணக்கோ பள்ளிச் சிறுவனும் போடக்கூடியது. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை 2,900 கிலோ எனவும், எரிபொருள் நிரம்பிய வெற்று வண்டியின் நிறை 1,900 கிலோ எனவும் கொள்வோம். மிச்சம் 1,000 கிலோ. ஆகவே 50 கிலோ மூடை இருபது ஏற்றலாம் என்று வணிகர் விதிக்கிறார். சாரதியும் உதவியாளரும் காற்றினால் ஆனவர்களா? அவர்களுக்கு 140 கிலோ. பின்னர் பூட்டிய இரும்புச் சட்டகத்துக்கு 40 கிலோ. எஞ்சுவது 820. பதினாறு மூடைகளுக்கே இடமுண்டு. பதினேழாவது மூடை எல்லையைத் தாண்டிவிடும்.

பின்னால் படகு ஏற்றிய இழுவைப் பெட்டியைக் கொளுவினால் கணக்கு மேலும் இறுகும். இழுவையின் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொளுக்கியின்மேல் அழுத்தும். அதுவும் வண்டி சுமக்கும் பாரமே. இழுவை 1,200 கிலோவாயின் 120 கழிய, 700 கிலோ, அதாவது பதினான்கு மூடைகளே மிஞ்சும். இதனோடு முடியவில்லை. வண்டியும் இழுவையும் சேர்ந்த நிறைக்கும் தனியே ஓர் எல்லை உண்டு. அது 4,500 கிலோவாயின், முழுப்பாரம் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் ஏறத்தாழ 1,600 கிலோவையே இழுக்கலாம். 2,500 கிலோ இழுக்கும் என்ற விளம்பரம், வண்டியின் முதுகு வெறுமையாக இருக்கையில் மட்டுமே மெய். “இழுக்கிறதே, பிறகென்ன?” என்று கேட்போருக்கு ஒரு சொல்: இழுப்பது இயந்திரம்; நிறுத்த வேண்டியது தடை. பாரம் பின்னச்சுக்கும் பின்னே குவிந்தால் முன்சில்லுகள் இலேசாகி, திருப்பும் சக்கரமும் கைக்கு அடங்காது.

2021 நவம்பர் 23ஆம் நாள் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறாரும் மாண்டதை இம்மாவட்டம் மறக்கவில்லை. அளவுக்கு மிஞ்சி ஆட்கள் ஏற்றப்பட்டனர் என்று செய்திகள் அன்று கூறின. எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஏறுவோர் எங்கே பார்த்து அறிவது?

சட்டம் அறியாமை குற்றத்துக்கு விலக்காகாது என்பது எம் தொழிலின் பாலபாடம். வாசிக்க இயலாத எழுத்திலுள்ள எண்ணுக்கும் அவ்விதி பொருந்துமோ? இருபத்தைந்து மூடை ஏற்று என்று கட்டளையிடுபவர் கடையில் அமர்ந்திருக்கிறார். மறுத்தால் கூலி போய்விடும் என்றஞ்சி ஏற்றியவர் எதிரிக் கூண்டில் நிற்கிறார். தமிழும் ஆட்சிமொழியாகும் என்று 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் உரைத்தது. அவ்வுரை வண்டியின் விலாவுக்கும் வரவேண்டும்: ஏற்றத்தக்க பாரமும் இழுக்கத்தக்க நிறையும் தமிழிலும் சிங்களத்திலும் பத்தடி தூரத்தில் நின்று வாசிக்கத்தக்கதாய்த் தீட்டப்படவேண்டும். ஆலைவாயிலில் நிறுத்த சீட்டின் பிரதி சாரதியின் கைக்கு வரவேண்டும். மிகைபாரம் பிடிபட்டால், ஏற்றச் சொன்னவரும் சாரதியின் அருகே எதிரியாக நிறுத்தப்படவேண்டும்.

அரசு அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாரதி நண்பர்கள் தத்தம் வண்டியின் வெற்று நிறையையும் மொத்த நிறையையும் பதிவுச் சான்றிதழிற் பார்த்து, மேற்சொன்னவாறு கழித்து, வந்த விடையைக் கதவின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதுவார்களாக. மூடை ஏற்ற வருபவருக்கு முதலில் அதனைக் காட்டுங்கள்.