மலைக்குப் போனாலும் விடைத்தாள் கட்டோடுதான்



நாங்கள் இருவரும் அப்புத்தளையில் நான்கு இரவு தங்கிவிட்டு முந்தாநாள் ஊர் வந்து சேர்ந்தோம். போன விஷயம் நாங்கள் மொனராகலை தாண்டுவதற்கு முதலே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வந்ததிலிருந்து வாசலிலும் கடையிலும் கேட்பது இரண்டே விஷயம். "புள்ளைகளையும் விட்டுட்டா போன நீங்க?" என்பது ஒன்று. "டீச்சர்மாருக்கென்ன, லீவும் சம்பளமும்" என்பது மற்றது. அது கேள்வியில்லை, ஆனாலும் கேள்வி மாதிரித்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. பிள்ளைகள் உம்மம்மா வீட்டில் சந்தோஷமாக இருந்தார்கள், திரும்பி வரத்தான் அழுதார்கள். கணவனும் மனைவியும் தனியாகப் பயணம் போவது புதுமாப்பிள்ளை பொம்பிளைக்கு மட்டும்தான் என்று எந்தக் கிதாபில் இருக்கிறதோ தெரியவில்லை. பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் கூட வந்தவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்ததை நாமெல்லாம் எத்தனையோ பயானில் கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

இரண்டாவது விஷயத்துக்குத்தான் இந்த நீண்ட பதிவு.

ஆவணி மாதம் நம்மூர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று அடித்தால் பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்குள் இருக்கவும் முடியாது, வெளியில் நிற்கவும் முடியாது. அதே தென்மேற்குக் காற்றுத்தான் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. ஏ4 வீதியில் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று பஸ் மாறி மாறிப் போகும்போது அதை உடம்பிலேயே உணரலாம். வெல்லவாய வரை வியர்வை. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் கொஸ்லந்தையால் ஏறத் தொடங்கினால் ஜன்னலை இழுத்து மூடுகிறோம். பெரகல சந்தியில் ஸ்வெட்டர் தேடுகிறோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன்களை மூடிய மண்சரிவு ஞாபகம் வந்தது. அந்த இடத்தைக் கடக்கும்போது இருவரும் பேசவில்லை.

எங்கள் மடியில் இருந்தது சாப்பாட்டுப் பொதி அல்ல. தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டுகள். ஒருவர் தமிழ், மற்றவர் வரலாறு. இரண்டு பேருக்கும் சேர்த்து 230க்கு மேல். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் என்றால் திருத்துவதற்கு நிலையம் இருக்கிறது, குழு இருக்கிறது, பிரதம பரீட்சகர் இருக்கிறார், கொடுப்பனவும் இருக்கிறது. பகலில் உட்கார்ந்து திருத்துகிறார்கள். தவணைப் பரீட்சைக்கு அதில் எதுவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோ, ராத்திரியில் திருத்து, பாடசாலை தொடங்கும்போது புள்ளியோடு வா. அவ்வளவுதான். அதனால்தான் இந்த முறை வேலையையும் மலைக்குக் கொண்டுபோனோம். சுற்றுலா என்று சொன்னாலும் சரிதான், வேலை என்று சொன்னாலும் சரிதான்.

அறை சிறியது. ஒரு மேசை, இரண்டு கதிரை, பக்கத்தில் தேயிலை. சுபஹுக்குப் பிறகு உட்கார்ந்தால் ளுஹர் வரை திருத்தல். பின்னேரம் மூடுபனி இறங்கும். அந்த நேரம் நடந்தோம். 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் பங்களாவைப் பார்த்தோம். இப்போது அது துறவிகள் மடம். ஒரு நாள் லிப்டன் சீட்டுக்கும் போனோம். இவ்வளவுதான் எங்கள் உல்லாசம். சாப்பாடு பக்கத்துக் கடையில். சொல்லப்போகும் விஷயமே அதில்தான் இருக்கிறது. நான்கு நாளும் எங்கள் இருவரில் யாரும் சமைக்கவில்லை. வீட்டில் சமைப்பவர் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் முடிவில் எண்ணிப் பார்த்தோம். ஒருவர் 36, மற்றவர் 38. திருமணம் முடித்துப் பதினாறு வருடத்தில் எங்கள் இருவருடைய எண்ணிக்கையும் இவ்வளவு பக்கத்தில் வந்தது இதுதான் முதல் தடவை. வீட்டில் ஒருவர் இரண்டு ராத்திரியில் முடிக்கும் கட்டை மற்றவர் ஆறு ராத்திரி இழுப்பார். "உங்களுக்கு வேகம் பத்தாது" என்று இவ்வளவு காலமும் பகிடி பண்ணியதும் உண்மை. வேகத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்ல எங்களுக்கு வெட்கம். ஆனாலும் சொல்கிறோம். லீவுக்கு முதல் வீட்டில் திருத்தி, வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டி, திரும்ப வாங்கிய கட்டு ஆளுக்கு ஒன்று கையில் இருந்தது. புள்ளிப் பதிவேட்டில் ஏற்றுவதற்காகக் கொண்டுபோயிருந்தோம். ஏற்றும்போது ஒரு கூட்டல் இடித்தது. சந்தேகத்தில் ஒருவர் கட்டை மற்றவர் எடுத்து முழுதாகப் பார்த்தோம். ஒரு கட்டில் இரண்டு பிழை. மற்றக் கட்டில் 41 தாளில் ஒன்பது பிழை. கூட்டலில் விட்டது சில, பின்பக்கம் எழுதிய விடையைத் திருப்பிப் பார்க்காமல் விட்டது சில. ஒரு பிள்ளைக்கு 33 போட்டிருந்தது. உண்மையில் 41. எஸ் கிடைக்க வேண்டிய பிள்ளைக்கு டபிள்யூ. அந்தப் பிள்ளை தாளை வாங்கிப் பார்த்திருக்கிறாள், தன் பின்பக்க விடைக்குப் புள்ளி இல்லை என்று கண்டிருப்பாள், ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்திருக்கிறாள்.

இரண்டு பிழை உள்ள கட்டு இஷாவுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, தேத்தண்ணி மேசைக்கு வர வரத் திருத்தியது. ஒன்பது பிழை உள்ள கட்டு அந்தத் தேத்தண்ணியைப் போட்டுக் கொடுத்து, கோப்பை கழுவி, நாளைக்கு மாவு எடுத்து வைத்து, சின்னவனைத் தூங்க வைத்து, பதினொரு மணிக்குப் பிறகு குசினி மேசையில் திருத்தியது. பாடசாலையில் இந்த இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன சொல்வார்கள்? "பொம்பிள டீச்சர்மார் கவனமில்ல." சொல்லி முடிந்துவிடும். மலையில் திருத்திய தாள்களையும் அதே மாதிரி மாற்றிப் பார்த்தோம். இருவரிலும் ஒன்று, இரண்டுக்கு மேல் இல்லை.

ஆகவே, லீவும் சம்பளமும் என்று சொல்லும் வாப்பாமாரே, களைத்துப்போன டீச்சர் இழப்பது தன் தூக்கத்தை மட்டும் அல்ல, உங்கள் மகளின் எட்டுப் புள்ளியையும்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட் கட்டுவது, நிறம் பூசுவது பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறோம். தவணைப் பரீட்சை முடிந்து இரண்டு நாள் ஆசிரியர்கள் பாடசாலையிலேயே உட்கார்ந்து திருத்த அதிபரிடம் ஒரு ஏற்பாடு கேட்டால் என்ன? செலவு இல்லாத விஷயம். அதை விட முக்கியம் வீடு. மனைவி டீச்சர் என்றால் சம்பளம் வீட்டுக்கு வேண்டும், மாமிக்கு மருமகள் டீச்சர் என்று சொல்லவும் வேண்டும், திருத்துகிற ராத்திரியில் மட்டும் அவள் டீச்சர் இல்லை. இதை வேறு யாரையோ குறை சொல்ல எழுதவில்லை. எங்கள் வீட்டில் பதினாறு வருடம் நடந்தது.

அப்புத்தளையில் எங்களுக்குச் சுடுதண்ணி கொண்டு தந்த தங்கச்சி காலையில் கொழுந்துக்குப் போய்விட்டுப் பின்னேரம் இந்த வேலைக்கு வருகிறவர். மேசையில் தாளைக் கண்டுவிட்டு, "லீவுல வந்தும் வேலையா டீச்சர்?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அவருக்கு லீவு எப்போது என்று நாங்கள் கேட்கவில்லை. மகள் பத்தாம் ஆண்டாம், கணிதத்துக்கு ஆசிரியர் வந்தார், போய்விட்டாராம். எங்கிருந்து வந்தவர் என்றும் நாங்கள் கேட்கவில்லை. மலையகத்துக்கு நியமனக் கடிதம் வந்தால் மறுகிழமையே இடமாற்றத்துக்கு ஆள் பிடிக்கும் ஊர் நம்முடையது. குளிர் நமக்கு நான்கு நாளைக்கு மட்டும்தான் பிடிக்கும்.

இன்னொன்று, பயணம் என்பதால். திரும்பி வரும் வழியில் ஒரு பள்ளிவாசலில் இறங்கினோம். பெண்கள் தொழ இடமில்லை, உளூ செய்யவும் இல்லை. ஒருவர் உள்ளே தொழ, மற்றவர் வெயிலில் பைகளோடு நின்று, பிறகு கடையொன்றின் பின்னறையில் தொழுதார். குடும்பமாகப் பயணம் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். வீதியோரப் பள்ளி நிர்வாகங்கள் ஒரு திரைச்சீலையும் ஒரு குழாயுமாவது வைக்கலாம்.

அறைக்கு நான்கு இரவுக்கும் 22,000 ரூபா. அதிகம்தான். அடுத்த தவணைக்கு மலைக்குப் போக வசதியில்லை. அதனால் திருத்துகிற ராத்திரிகளில் இடியப்பம் கடையில் வாங்குவது, பாத்திரம் ஒருவர் கழுவுவது, குசினி மேசையில் திருத்துவதில்லை என்று பஸ்ஸிலேயே பேசி முடித்தோம். எத்தனை நாளைக்கு நடக்கும் என்று மாமி இப்போதே சிரிக்கிறார்.

திங்கட்கிழமை பாடசாலை தொடங்குகிறது. முதலாம் பாடவேளையில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டி, 33ஐ வெட்டி 41 போட்டு, வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கப்போகிறோம். மற்ற எட்டுப் பேரிடமும்தான்.