சவாரிக்கு முன் குளம்பு

மெரினாவில் குழந்தையைக் குதிரைமேல் ஏற்றி, ஒரு சுற்று விட்டு, படம் எடுத்து இறக்கிவிடுகிறோம். அதில் குதிரையைப் பற்றி அந்தக் குழந்தைக்கு ஒன்றும் தெரியவருவதில்லை. பிரிட்டனில் 1929-இல் தொடங்கிய போனி கிளப், சவாரியோடு லாயப் பராமரிப்பையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கியது. நம் ஊர்ச் சவாரிப் பள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே போகலாம்: முதல் சில வகுப்புகளுக்குச் சேணமே வேண்டாம். காலைத் தூக்கிப் பிடித்து, குளம்பின் குழிவில் அடைந்த மண்ணையும் கல்லையும் கொக்கியால் எடுக்கட்டும். நடுவே இருக்கும் மெத்தென்ற முக்கோணப் பகுதியைக் குத்தாமல் எடுப்பதில்தான் வித்தை. குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும்; 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். தீனியும் பாடம்தான்: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனியில் செய்யும் தவறு வயிற்றுவலியாகி உயிரையே வாங்கிவிடலாம். கொள்ளு வைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு, குதிரைக்கு நாள் முழுக்க மெல்லப் புல்தான் முதலில் வேண்டும் என்பது லாயத்தில் நின்றால்தான் உறைக்கும். சாணி அள்ளவா கட்டணம் என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இந்தப் பாடம் பள்ளியோடு நிற்க வேண்டியதில்லை. ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தையில் வேடிக்கை பார்க்க எவ்வளவு கூட்டம்! கால்நடைப் பராமரிப்புத் துறை அங்கே ஒரு பந்தல் போட்டு, குளம்பு சீவுவதையும் பல்லைப் பார்த்து வயது கணிப்பதையும் செய்துகாட்டினால் என்ன? சொல்லித்தர வெளியாள் தேட வேண்டாம்; லாடம் அடிப்பவரையும் குதிரைக்காரரையும் வாத்தியாராக்கி, வாத்தியாருக்குரிய சம்பளத்தையும் கொடுங்கள்.