ஜோடி சேராத மாடும் லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயரும்

டவுன்ல இருக்கற நண்பர்கள் போன் பண்ணினா வழக்கமா ரெண்டு கேள்விதான் கேப்பாங்க. மழை பெஞ்சுதா? தேங்காய் என்ன விலை போகுது? இப்ப கொஞ்ச நாளா மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு. "வீட்டுக்கு நல்லதா ஒரு ஆடியோ செட் எடுக்கலாம்னு இருக்கேன், எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்?" எங்க வீட்டு ஆசாரத்துல ஒரு ஜோடி ஸ்பீக்கரும், ரெக்கார்டு பிளேயரும் இருக்கறது அவங்களுக்குத் தெரியும். தென்னைக்குத் தண்ணி விடறவனுக்கு இது எதுக்குன்னு சிரிச்சவங்களும் உண்டு. பாட்டு கேக்கறதுக்குத்தானுங்க, வேற எதுக்கு?

அந்தக் கேள்வியைப் பத்தி எனக்கு ஒரு கட்சி இருக்கு. "எந்த ஆம்ப்?" என்று ஆரம்பிப்பதே தலைகீழ். முதலில் ரூம், அதுக்குத் தகுந்த ஸ்பீக்கர், அந்த ஸ்பீக்கருக்குத் தகுந்த ஆம்ப், கடைசியில்தான் மற்றதெல்லாம். இந்த வரிசையை விட்டுவிட்டு ஒவ்வொன்றிலும் விலை உயர்ந்தது எதுவோ அதை வாங்கிச் சேர்ப்பவர்கள், பணத்தைக் கொட்டிவிட்டு நிம்மதியைத் தொலைக்கிறார்கள்.

மாடு வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்லை. கண்ணபுரம் சந்தைக்கு வண்டி மாடு வாங்கப் போறவங்க ரெண்டு நல்ல மாட்டைத் தேட மாட்டாங்க, ஒரு ஜோடியைத் தேடுவாங்க. உசரம் ஒண்ணா இருக்கணும், நடை ஒண்ணா இருக்கணும், குணமும் ஒத்துப் போகணும். ஒண்ணு பாய்ச்சலா, இன்னொண்ணு மந்தமா இருந்தா நுகத்தடி ஒரு பக்கம் இழுக்கும், ரெண்டுக்குமே கழுத்துப் புண்ணாகும். தனித்தனியா நிறுத்தினா ரெண்டும் லட்சணமான காங்கேயம் மாடுகள்தான். வண்டியில பூட்டினாத்தான் வண்டவாளம் தெரியும். ஆடியோவும் அப்படித்தான். ஒரு ரூமுக்குள்ள எல்லாத்தையும் பூட்டின பிறகுதான் அது செட்டு.

ரூமை ஏன் முதல்ல சொல்றேன்னா, ஸ்பீக்கர்ல இருந்து வர்ற சத்தத்துல பாதியைச் சுவர்தான் உங்ககிட்ட சொல்லுது. கெட்டி பேஸ் சத்தத்தோட அலை நீளமானது. எதிரெதிர் சுவருக்கு நடுவுல அலையோட பாதி நீளம் சரியா உக்காந்துட்டா, அந்த ஒரு சுரம் மட்டும் வீங்கிப்போகும். சத்தம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகுதுன்னு வெச்சுக்கிட்டா, 10 அடி ரூமுக்கு அந்த எண் 56 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரோட ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அப்ப இளையராஜா பாட்டுல பேஸ் கிடார் நடந்து போகும்போது, அந்த ஒரு இடம் வந்தா மட்டும் 'தொம்'னு அடிக்கும். பக்கத்துச் சுரம் காணாமப் போகும். வாசிச்சவர் ஒழுங்காத்தான் வாசிச்சிருப்பார். கெடுக்கறது உங்க சுவர்.

நீளம் 10, அகலம் 10, உசரமும் 10 அடின்னா இன்னும் மோசம். மூணு பக்கமும் சேர்ந்து அதே சுரத்தைத் தூக்கும். நகரத்து அடுக்குமாடிப் படுக்கையறைகளில் பல ஏறக்குறைய இந்த அளவுதான். போதாக்குறைக்கு வழவழ டைல்ஸ், கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர். நடு ரூம்ல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. 'ட்ரிங்'னு ஒரு வால் நீண்டா, தவில் அடிக்கும்போதும் அதே வால் ஒட்டிக்கிட்டு வரும்.

எங்களுது ஓட்டு வீடு. கூரை சரிவா இருக்கறதால தரைக்கு நேரெதிரா தட்டையான பரப்பு இல்லை. மூலையில மூட்டைகள், ஒரு பக்கம் இலவம்பஞ்சு மெத்தை அடுக்கி வெச்சிருக்கோம். யாரும் திட்டம் போட்டுச் செஞ்சதில்லை, ஆனா சத்தம் அடங்கி நிக்குது. உங்க வீட்டுல இதையே கெட்டித் திரை, தரையில ஜமுக்காளம், புத்தகம் நிறைஞ்ச அலமாரி செய்யும். பேஸை மட்டும் திரை பிடிக்காது. அதுக்கு ஸ்பீக்கரைச் சுவரை விட்டு ஒரு அடி, ரெண்டு அடி முன்னால நகர்த்தணும், நீங்க உக்கார்ற இடத்தையும் மாத்திப் பாக்கணும். பைசா செலவில்லை. அதனாலதான் கடையில யாரும் இதைச் சொல்றதில்லைன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சென்னைல இருக்கற என் சின்ன மச்சானோட கதை இதுதான். 10-க்கு 10 ரூம்ல ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டு. பாட்டுப் போட்டா சோத்துப்பானைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கும். விற்ற கடைக்காரர் முதல்ல கேபிளை மாத்தச் சொன்னார். அப்புறம் கரண்ட் வயரை மாத்தச் சொன்னார். அதுக்கப்புறம் ஆம்பையே மாத்தச் சொன்னார். மூணு வருஷம், மூணு தவணைக் கடன். கடைசியில பெரிசை வித்துட்டு, விலையில கால்வாசிக்குச் சின்ன ஸ்பீக்கர் ரெண்டு வாங்கி ஸ்டாண்டுல நிறுத்தினார். இப்பத்தான் என் அக்காவும் சேர்ந்து உக்காந்து பாட்டு கேக்குது. அதுவரைக்கும் அந்த ரூம் கதவு சாத்தியேதான் இருந்தது.

பெரிய ஸ்பீக்கர் கெட்டது, சின்னது நல்லது என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் பேர் வாங்கிய ரெண்டு ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் 1946-ல் கொண்டுவந்த கிளிப்ஷார்ன். ரூமின் மூலையில் நிற்க வேண்டும். ரெண்டு சுவரும் அந்தக் குழாயின் தொடர்ச்சியாக வேலை செய்யும், அதாவது வீடே ஸ்பீக்கரின் ஒரு பாகம். இன்னொன்று, பிபிசி 1970-களில் வெளி ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ. வேனுக்குள் இடம் இல்லை என்பதால் ஓரடி உயரப் பெட்டி. மனுசக் குரலை அச்சு அசலாகச் சொல்லும். இந்த வேன் ஸ்பீக்கரைக் கல்யாண மண்டபத்தில் வைத்தால் கேவலப்படும். கிளிப்ஷார்னை, ஒரு மூலையில் கதவும் இன்னொரு மூலையில் பீரோவும் இருக்கிற ரூமுக்குள் கொண்டுவந்தால் அதுவும் கேவலப்படும். ரெண்டுமே உசந்த சாதி மாடுதான், வண்டிதான் வேற.

இப்ப ஆம்புக்கு வருவோம். ஸ்பீக்கர் பெட்டியோட காகிதத்துல சென்சிடிவிட்டின்னு ஒரு எண் இருக்கும். 1 வாட்ஸ் கொடுத்தா 1 மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல் சத்தம் வரும்கிற கணக்கு அது. கிளிப்ஷார்ன் சுமார் 105, எல்.எஸ்.3/5ஏ சுமார் 83. வாட்ஸ் ரெண்டு மடங்கானா 3 டெசிபல்தான் கூடும். ஆகவே, முதல் ஸ்பீக்கர் 1 வாட்ஸ்ல தர்ற சத்தத்தை ரெண்டாவது தரணும்னா 150 வாட்ஸுக்கு மேல வேணும். அத்தனையை அது தாங்கவும் தாங்காது. 300பி வால்வு ஒண்ணை மட்டும் வெச்சுக் கட்டற ஆம்ப் 8 வாட்ஸ் அளவுக்குத்தான் தரும். அதுக்கு விலையோ லட்சக்கணக்குல. குழாய் வெச்ச ஸ்பீக்கரோட சேர்ந்தா அந்த 8 வாட்ஸ் ராஜா. 83 டெசிபல் ஸ்பீக்கரோட பெரிய ஹால்ல சேர்ந்தா மூச்சு வாங்கும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் இன்னொரு செலவும் மிச்சம். 50 வாட்ஸ் ஆம்புக்குப் பதிலாக 100 வாட்ஸ் வாங்கினால் கிடைப்பது அந்த 3 டெசிபல் மட்டும்தான். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது 10 மடங்கு வாட்ஸ்.

அடுத்தது ஓம். 8 ஓம் ஸ்பீக்கரை விட 4 ஓம் ஸ்பீக்கர் அதே வோல்டேஜுக்கு ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். தாங்குற சப்ளை இல்லாத ஆம்ப் சூடாகும், திணறும், சத்தம் கூட்டினா அலையோட தலையை வெட்டிடும். அந்த வெட்டுப்பட்ட சத்தம்தான் ட்வீட்டரைக் கருக்கும். போர்ல ஊறுற தண்ணியைப் பாக்காம மோட்டார் இறக்கற மாதிரிதான் இது. எங்க ஊர் மைக் செட்டுக்காரர் எட்டாவதோட படிப்பை நிறுத்தினவர். ஆனா இந்த ஆம்புக்கு இத்தனை குழாய்தான், அதுக்கு மேல மாட்டினா யூனிட் போயிரும்னு அவருக்குத் தெரியும். நோம்பிக்கு நோம்பி ஊர் கெஞ்சினாலும் ஒரு குழாய் கூட மாட்ட மாட்டார். லட்சக்கணக்கில் செலவு செய்பவர்கள் அவர் அளவுக்காவது கணக்குப் பார்க்க வேண்டாமா?

ரெக்கார்டு பிளேயர் வாங்குபவர்களுக்கும் இதே பொருத்தம்தான். சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் தரும். மூவிங் மேக்னட் ஊசி 5 மில்லிவோல்ட் போலத் தரும். மூவிங் காயில் ஊசியில் பல வகைகள் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே. ஊசிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, அந்தச் சிறு ஓடையைத் தூக்கிவிடும் போனோ ஸ்டேஜை ஏனோதானோவென்று வாங்கினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்தே வரும்.

கேபிள் பத்திச் சொன்னா சண்டைக்கு வருவீங்க, பரவாயில்லை. வீட்டு வயரிங்குக்குப் போடற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 5 மீட்டர் இழுத்தா, போக வர 10 மீட்டருக்கும் சேர்த்து தடை 0.07 ஓம் சொச்சம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால நூத்துல ஒரு பங்குகூட இல்லை. நல்ல செம்பு, தேவையான தடிமன், இறுக்கமான முனை போதும். காதுக்கு வித்தியாசம் தெரியுதுன்னு சொல்றவங்ககூட எனக்கு வழக்கில்லை, அவங்க காசு. ஆனா ரூமுக்கு ஒரு ஜமுக்காளம்கூடப் போடாம கேபிளுக்கு அரை லட்சம் கொடுக்கறது, வரப்பு உடைஞ்சு கிடக்கும்போது மோட்டாருக்குப் பெயிண்ட் அடிக்கற வேலை.

என்னுடைய செட்டுக்கு பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 86 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கர், 50 வாட்ஸ் ஆம்ப். ராத்திரி ஒன்பதுக்கு மேல் இங்கே சுவர்க்கோழி, தவளை தவிர சத்தமில்லை. எட்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்க ரெண்டு மூணு வாட்ஸே போதும், நாதஸ்வரக்காரர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கும். உங்களுக்கு அந்த அமைதி இல்லை. வெளியே ஹாரன், மேலே ஃபேன். அதுக்குத்தான் உங்களுக்குப் பொருத்தம் இன்னும் கவனமாகப் பார்க்கணும் என்கிறேன். ஜன்னல் இடுக்கை அடைத்து, சத்தம் போடாத ஃபேன் ஒன்று மாட்டுவதும் ஆடியோ செலவில் சேர்த்திதான்.

கடையில் கேட்டு மயங்காதீர்கள். அது அவர்களுடைய ரூம், அவர்கள் தேர்ந்தெடுத்த பாட்டு. ரெண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். நூறு தடவை கேட்ட பாட்டைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களையும் உட்கார வையுங்கள். அவர்கள் எழுந்து போகாமல் இருந்தால் பொருத்தம் சரி.

மறுபடி என்னைக் கூப்பிடறதுக்கு முன்னால ஒரு டேப்பை எடுத்து ரூமோட நீளம், அகலம், உசரத்தை அளந்து எழுதி வெச்சுக்குங்க. அந்த மூணு எண்ணையும் முதல்ல சொல்லுங்க. பட்ஜெட்டை அப்புறம் பேசிக்கலாமுங்க.