கடல் சூடானால் பெருகும்னு நினைச்ச பாக்டீரியா, பாதியா குறையப் போகுதா? ஆய்வு சொல்வது என்ன?

கடல் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு. அதற்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒரு பாக்டீரியா. ஆனாலும் 1980-கள் வரை இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பெயர் ப்ரோகுளோரோகாக்கஸ். பெயர்தான் பெருசு, ஆள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் உயிர்களில், உலகிலேயே எண்ணிக்கையில் அதிகம் இதுதான். கடலின் உணவுச் சங்கிலி தொடங்கும் இடங்களில் ஒன்று.

வெப்பமண்டலக் கடல்தான் இதன் வீடு. அதனால் கடல் சூடானால் இதற்குக் கொண்டாட்டம் என்றே பலரும் நினைத்தார்கள். 2025 செப்டம்பரில் 'நேச்சர் மைக்ரோபயாலஜி' இதழில் வெளியான அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஆய்வகக் குடுவையில் வளர்வதும் கடலில் வளர்வதும் ஒன்றல்ல. அதனால் பிரான்சுவா ரிபாலே குழு கப்பலிலேயே கருவியை வைத்தது. கப்பல் போகப் போக கடல் நீர் அதற்குள் வரும், லேசர் ஒவ்வொரு செல்லின் அளவையும் பார்க்கும். பகலில் செல் பருக்கும், இருட்டியதும் இரண்டாகப் பிரியும். இந்த ஏற்ற இறக்கத்தை வைத்து வளர்ச்சி வேகத்தைக் கணக்குப் போடலாம். பசிபிக் கடலில் பத்து ஆண்டுகள், சுமார் 80,000 கோடி செல்கள்!

கிடைத்த பதில்: சுமார் 28 டிகிரி செல்சியஸ் வரை வேகம் கூடுகிறது. அதைத் தாண்டினால் சடசடவெனச் சரிகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயு மிதமாக இருந்தாலே, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் வெப்பமண்டலக் கடலில் இதன் உற்பத்தி 17 சதவீதம் குறையலாம். கட்டுப்பாடே இல்லை என்றால் 51 சதவீதம்.

நம்ம வங்கக் கடலும் ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரியை ஒட்டியோ, அதற்கு மேலோதான் இருக்கிறது. ஆனால் ஆய்வுத் தரவு பசிபிக்கில் எடுத்தது. அதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது.

சூடு ஏன் தாங்கவில்லை?

சந்தேகம் விழுவது மரபணு மீது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். ப்ரோகுளோரோகாக்கஸின் சில வகைகளில் சுமார் 17 லட்சம்தான். சத்தே இல்லாத நடுக்கடலில் பிழைக்க, தேவையில்லாத சுமையை எல்லாம் கழற்றிவிட்ட உயிர் இது. அப்போது வெப்பத்தைச் சமாளிக்கும் மரபணுக்களில் சிலவும் போயிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. ஒரு செல்லில் சுமார் 2,000 மரபணுக்கள்தான். ஆனால் எல்லா வகைகளையும் சேர்த்தால் 80,000-க்கும் மேல் இருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. அவ்வளவு வகைகளில் சூடு தாங்கும் ஒன்று எங்காவது ஒளிந்திருக்கலாம். இதுவரை சிக்கவில்லை.

காலியாகும் இடத்தைப் பிடிக்க சினெகோகாக்கஸ் என்ற பங்காளி தயார். சூடு தாங்கும், ஆனால் சத்து அதிகம் கேட்கும். ப்ரோகுளோரோகாக்கஸைத் தின்று பழகிய நுண்ணுயிர்களுக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் அடுத்த கேள்வி.