கூட்டம் ஒன்று, நேரம் பத்து



கூட்டம் கூட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

மூன்று பாடசாலை ஆசிரியர்கள் சேர்ந்து தரம் 11க்கு மாதிரி வினாத்தாள் தயாரிக்க ஸூம் கூட்டம். வெள்ளி 12.30 என்று குழுமத்தில் ஒரு படம் வந்தது. ஜும்ஆ நேரம் என்று நாங்கள் சொன்னதும் 3 மணிக்கு மாற்றினார்கள். அதையும் ஒரு வொய்ஸ் மெசேஜில் சொன்னார்கள். வந்து குவிந்த ஸலாம்களுக்கும் வாழ்த்துகளுக்கும் அடியில் அது போய்விட்டது. பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை 12.30க்கே போனோடு காத்திருந்துவிட்டுப் போனார். பிறகு அவரிடமே "ஏன் கலந்துகொள்ளவில்லை" என்று எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நேரத்தை மாற்றியவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் கோபம் இதில்தான்.

"எல்லாரும் கலண்டரில் போட்டிருக்கலாமே" என்கிறார்கள். போட்டோம்தான். படத்தைப் பார்த்து ஆளாளுக்குத் தட்டினோம். பத்துப் போனில் பத்துக் கூட்டம். ஒன்றைத் திருத்தினால் மற்ற ஒன்பதும் அசையாது.

இதற்கு வழி 1998இலேயே வந்துவிட்டது. ஐகலெண்டர் என்ற பொது நியமம், 2009இல் புதுப்பித்தார்கள். கூகுள், அவுட்லுக், ஐபோன் மூன்றுக்கும் அது விளங்கும். அடையாள அட்டை இலக்கம் போல ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் இலக்கம். கூட்டியவர் நேரத்தை மாற்றி அனுப்பினால் திருத்த எண் கூடும், அழைக்கப்பட்டவர்களின் கலண்டரிலும் அதே பதிவு மாறும். கூட்டியவர் யார் என்பதும் அதிலேயே இருக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கவில்லையோ என்னவோ!

நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு பதிவு, அதற்கு ஒரு பொறுப்பாளர். எல்லாரையும் ஈமெயிலில் அழையுங்கள். நேரம் மாறினால் புதிதாக ஒன்று போடாமல் இருப்பதையே திருத்துங்கள். அழைத்தவர்களுக்கு அறிவிக்கவா என்று கேட்டால் ஆம் என்று அழுத்துங்கள். படம் போடத்தான் வேண்டுமென்றால் நேரத்தை எழுதாமல் இணைப்பை மட்டும் போடுங்கள். ஈமெயில் பார்க்காதவருக்கு ஒரு கோல் எடுங்கள். அது கூட்டியவரின் கடமை.

நோன்பு விடுமுறை எங்களுக்கு வேறு, மற்றப் பாடசாலைகளுக்கு வேறு. ஏற்கனவே இரண்டு கலண்டரில் வாழ்கிறோம். மூன்றாவதாக வதந்திக் கலண்டர் ஒன்று வேண்டாம்.

அடுத்தவரின் நேரம் அமானிதம். மாற்றத்தை ஒழுங்காக அறிவிக்காதவருக்கு வராதவரிடம் விளக்கம் கேட்க உரிமை இல்லை.