அவரைக்கு அடிக்கிற மருந்து தண்ணீர் பாட்டிலில் ஏன் வருகிறது?

போன வாரம் காலையில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு மருமகள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். சமையலறை மேடையில், குடிதண்ணீர் பாட்டில்கள் வரிசையில், பால் மாதிரி வெள்ளையாக ஏதோ அரை பாட்டில் இருந்தது.

"என்ன கண்ணு இது?"

"அவரையில பேன் புடிச்சிருச்சுங்க டீச்சர். கடையில மருந்து ஊத்திக் குடுத்தாங்க."

"என்ன மருந்து?"

"பேரெல்லாம் சொல்லலைங்க. ஒரு மூடி ஊத்தி அடிக்கச் சொன்னாங்க."

அந்த வீட்டில் நான்கு வயதில் ஒரு பையன் இருக்கிறான். தாகம் எடுத்தால் மேடையில் எட்டிப் பாட்டிலை எடுக்கிற வயது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி வந்தால் அவரையில் அசுவினி வரத்தான் செய்யும். அவரை பூப்பதும் பனி இறங்குவதும் ஒரே சமயம். இளங்கொழுந்திலும் பூங்கொத்திலும் கருப்பாக அப்பிக்கொள்ளும். அசுவினியில் பெண்ணுக்கு ஆண் துணை வேண்டாம், முட்டையும் வேண்டாம், நேரே குஞ்சு போடும். அந்தக் குஞ்சு ஒரு வாரம் பத்து நாளில் தானும் குஞ்சு போடும். நேற்று பத்து இருந்தது இன்று நூறாகத் தெரிவது அதனால்தான். பார்த்ததும் பயந்து கடைக்கு ஓடுகிறோம்.

நானும் ஓடியிருக்கிறேன், மறைக்கவில்லை. பணியில் இருந்த காலத்தில் ஒரு தை மாதம் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி அடித்தேன். மறுநாள் கொடி சுத்தமாக இருந்தது. கீழே பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. பத்தே நாளில் அசுவினி முன்னைவிட அதிகமாக வந்தது. தின்பதற்குப் பொறிவண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. பொறிவண்டின் புழுவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், குட்டி முதலை மாதிரி கருப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு இருக்கும். அதையும் பூச்சி என்று நசுக்குகிறோம். அசுவினியைத் தின்ன வந்ததே அதுதான்.

"அதெல்லாம் புத்தகத்துல படிக்க நல்லா இருக்கும், மருந்தில்லாம முடியாதுங்க" என்று கடைக்காரர் சொல்வார். நம் கோவையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2008ல் பப்பாளி மாவுப்பூச்சி இங்கே வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்து நின்றன. விவசாயிகள் அடிக்காத மருந்தில்லை. மாவுக்குள் இருக்கிற பூச்சியை மருந்தால் அடக்க முடியவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். எறும்பைவிடச் சின்னது. அது அடக்கிக் காட்டியது.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது சாதாரண வேலைதான். அப்பிய கொழுந்தைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மற்ற இடத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். எறும்பு ஏறும் வழியை மறியுங்கள், அசுவினிக்குக் காவல்காரன் எறும்புதான். அதற்கும் அடங்காவிட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறப்போட்டு, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று தடவை. ஒரே நாளில் சாகாது. பொறுமை வேண்டும். இன்னொன்று, பனிக்காலத்தில் சாயங்காலம் இலைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். ராத்திரி முழுக்க ஈரமாக நின்றால் தக்காளியில் இலைக்கருகல் நீங்களே வரவழைத்ததாகும். காலையில் வேரில் ஊற்றுங்கள்.

களைக்கும் இதே கதை. மழை முடிந்து காலி மனையில் முளைத்ததைக் கருக்க களைக்கொல்லி அடிக்கிறார்கள். கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. நம் தெருவில் வீட்டுக்காரரே லுங்கியைக் கட்டிக்கொண்டு செருப்பில்லாமல் அடிக்கிறார். அந்த மனையில் இருந்தது பூளைப்பூவும் தும்பையும் மூக்கிரட்டையும். எல்லாவற்றையும் கருக்கிவிட்டு, போகியன்று காப்புக் கட்ட பூளைப்பூவைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினார்! (வாட்ஸ்அப்பைப் பார்த்துக் களைக்கு உப்பு கொட்டுகிறவர்களே, நீங்களும் சிரிக்க வேண்டாம். அந்த மண்ணில் அப்புறம் எதுவும் வராது.) பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

இனி பாட்டிலுக்கு வருகிறேன். 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி லேபிள் இல்லாமல் மருந்து விற்கக் கூடாது. லேபிளில் முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை. எந்தப் பயிருக்கு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், குடித்துவிட்டால் என்ன மாற்று மருந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். ஊற்றிக் கொடுத்த பாட்டிலில் இதெல்லாம் எங்கே? அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், டாக்டர் "என்ன குடிச்சான்?" என்று கேட்டால், "வெள்ளையா இருந்துச்சுங்க" என்றா சொல்வது?

2013 ஜூலையில் பீகார் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. 2005லேயே காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்யப்பட்ட மருந்து அது. அப்போது நான் பணியில் இருந்தேன். அந்தச் செய்திக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போடும் முன் சத்துணவை வாயில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் கை நடுங்கும்.

பாட்டிலை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "விஷம்" என்று எழுதி ஒட்டி, கொல்லையில் உயரமான அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். நேற்று கடைக்கே போய், இதை என்ன செய்வது என்று கேட்டேன்.

"சாக்கடையில ஊத்திட்டு, பாட்டிலைக் கழுவி வச்சுக்குங்க டீச்சர்" என்றார்.