புகையை எங்கே இறக்கி வைப்பது?

மாணவர்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒரு பிரச்சினையைக் கையிற் கொடுத்து, தீர்வு கண்டு வரச் சொல்லும் போட்டிகள் எமது குடாநாட்டுக்குப் புதியன அல்ல. யாழ் ஐ.ரி. ஹப் அமைப்பினர் 2012இல் தொடக்கிய ‘யாழ் கீக் சலஞ்ச்’ இளைஞர் பலரை மேடையேற்றியது. அங்கு பேசப்பட்டவை பெரும்பாலும் கணினியோடு சேர்ந்த விடயங்கள். கைத்தொழில்கள் வெளிவிடும் புகையையும் வாயுக்களையும் குறைக்க வழி தேடும் போட்டியொன்றையும் நாம் நடத்தவேண்டும் என்பது எனது கருத்து. எமது பாடசாலைகளின் உயர்தர விஞ்ஞான மாணவர்களும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீட மாணவர்களும் ஒன்றாகப் பங்குபற்றக்கூடியதாக அது இருக்கவேண்டும். ஆனால் வேறு நாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு நடத்துவதாயின் நடத்தாமலே விடலாம்.

புகைபோக்கி இல்லாத ஊரிலே புகைக்குப் போட்டியா என்று சிலர் சிரிக்கக்கூடும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது. அதன் பின் எமக்குப் பெரிய ஆலையென்று சொல்ல எதுவுமில்லை என்பது உண்மையே. எனினும் பேக்கரிப் போறணைகளும் அரிசி ஆலைகளும் சுண்ணாம்புச் சூளைகளும் புகைவிட்ட வண்ணமே உள்ளன. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகளை அமைப்பது பற்றி அரசாங்கமும் அண்மைக் காலமாகப் பேசி வருகிறது. எமது இளைஞருக்கு வேலை வேண்டும். ஆகவே ஆலைகள் வருவதை எதிர்க்க எவருக்கும் மனம் வராது. ஆலை வந்து, புகைபோக்கி எழும்பி, ஒப்பந்தங்களும் கைச்சாத்தான பின்னர் புகையைப் பற்றிப் பேசுவதில் பயன் குறைவு. பேசுவதற்குரிய காலம் இதுவே.

புகைக்குப் பாக்குநீரிணையும் தடையன்று. 2022 டிசெம்பர் 9ஆம் திகதி வளி மாசடைந்தமையால் நாடெங்கும் அரச பாடசாலைகள் மூடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வடக்கேயிருந்து காற்றோடு வந்த தூசு அன்று யாழ்ப்பாணத்து வானத்தையும் மங்கச் செய்தது.

இனி விடயத்துக்கு வருவோம். 1950இல் காங்கேசன்துறையில் ஆலை அமைந்ததற்குக் காரணம் எமது காலடியிலே கிடந்த சுண்ணக்கல். களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து வந்தது. இரண்டையும் அரைத்துச் சூளையிலிட்டு ஏறத்தாழ 1450 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் சீமெந்துக் கட்டி உண்டாகும். ஆலையின் புகை என்றதும் எரிபொருளின் புகையையே நாம் நினைக்கிறோம். அது பாதிக் கதை. சுண்ணக்கல்லின் உள்ளேயே காபனீரொட்சைட்டு அடைபட்டுக் கிடக்கிறது. தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். விறகை விட்டுச் சூரிய வெப்பத்தினாற் சுட்டாலும் இந்த 44 கிலோ குறையாது. உலகில் மனிதரால் வெளிவிடப்படும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சீமெந்திலிருந்து வருவதற்கு இதுவே பெருங்காரணம்.

உயர்தர வகுப்பிலே இந்தத் தாக்கத்தின் சமன்பாட்டை மனனஞ் செய்யாத மாணவர் இல்லை. அந்தச் சமன்பாடு தம் வீட்டுச் சுவரிலே தலைகீழாக நடைபெறுகிறது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? நீற்றிய சுண்ணாம்பைச் சுவரிற் பூசினால், அது நாட்பட நாட்பட வளியிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகுகிறது. சூளையிலே பறந்த வாயுவின் ஒரு பகுதி சுவருக்குத் திரும்புகிறது. எமது பழைய நாற்சார் வீடுகளின் சுவர்கள் அப்படித்தான் இறுகின.

இந்தச் சிறிய உண்மையை வைத்து அமெரிக்காவிலே ஒரு குழுவினர் பெரும் பரிசு பெற்றனர். எக்ஸ்பிரைஸ் என்னும் நிறுவனம் ஆலைகளின் காபனீரொட்சைட்டைப் பயனுள்ள பொருளாக மாற்றும் போட்டியொன்றை 2015இல் அறிவித்தது. பரிசுத் தொகை மொத்தம் 20 மில்லியன் டொலர். கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்ட குழு, நீற்றிய சுண்ணாம்பு கலந்த கொங்கிறீட் கற்களை ஆலைப் புகையிலே வைத்து இறுகச் செய்தது. 2021இல் முடிவு வந்தபோது வெற்றியாளர் இருவருள் அக்குழுவும் ஒன்று. அப்போட்டி நடைபெற்ற விதமே என்னைக் கவர்ந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இயங்கிக்கொண்டிருந்த மின்நிலையங்களின் உண்மையான புகையிலே தம் முறையைச் செய்து காட்டவேண்டியிருந்தது. மாதிரி உருவும் வண்ணப் படமும் அங்கு போதவில்லை. ஆறு ஆண்டுகள் சென்றன.

அதே ஆண்டு நவம்பரில், வளியிலுள்ள காபனீரொட்சைட்டை அகற்றும் யோசனைகளுக்காக 23 மாணவர் குழுக்கள் 5 மில்லியன் டொலரைப் பகிர்ந்துகொண்டன. மும்பை ஐ.ஐ.ரி. மாணவர்களும் அவர்களுள் இருந்தனர். எமது பிள்ளைகள் படிக்கும் இரசாயனவியல் வேறு, அவர்கள் படிக்கும் இரசாயனவியல் வேறு அல்ல.

எமக்கு இன்னும் அண்மையில், கடலுக்கு அப்பால் தூத்துக்குடியில், வேறொரு உதாரணம் உண்டு. கரக்பூர் ஐ.ஐ.ரி.யிற் பயின்ற இருவர் 2009இல் தொடங்கிய நிறுவனம், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் புதிய கரைசலொன்றை உருவாக்கியது. தூத்துக்குடி அல்கலி இரசாயன ஆலை 2016இல் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 தொன் வாயுவைப் பிடித்துச் சோடா உப்பாக்குவது திட்டம். சோடா உப்புச் செய்வதற்கு அவ்வாலைக்கு இந்த வாயு எப்படியும் தேவை. உலகைக் காக்க எண்ணித் தாம் இதைச் செய்யவில்லை, தடையின்றி வாயு கிடைக்க இதுவே நல்ல வழி என்று ஆலையின் உரிமையாளர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். அவ்வெளிப்படையான பேச்சு எனக்குப் பிடித்தது. வாயுவை வாங்குவதற்கு ஆள் இருந்தபடியால் அந்த யோசனை ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்தது. எனினும் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தச் சோடாவைக் கண்ணாடி செய்ய உருக்கும்போது உள்ளே இருக்கும் வாயு திரும்பவும் வெளியேறிவிடும். சில காலம் வேறிடத்தில் இறக்கி வைக்கப்பட்ட சுமை அது.

எங்கே இறக்கி வைப்பது என்பதே எமது போட்டியின் முதற் கேள்வியாக இருக்கவேண்டும். புகையைப் பிடிப்பதற்கு உலகெங்கும் கையாளப்படும் வழிகளுள் ஒன்று அதனை நீரினாற் கழுவுவது. உலை எண்ணெயை எரித்தால் கந்தக வாயு வரும். சுண்ணாம்பு கலந்த நீரைத் தெளித்தால் கந்தகம் நீரோடு போய்விடும், கரியும் படியும். புகைபோக்கியின் வாயிலே வெள்ளை ஆவி மட்டுமே தெரியும். பார்ப்பவர் கைதட்டுவர். நடுவர் பரிசு கொடுப்பர். கரியும் எண்ணெயும் உலோகங்களும் கலந்த அந்தக் கழுவு நீர் எங்கே போகும்?

ஆறுள்ள நாட்டிலே இக்கேள்விக்கு ஏதோவொரு மறுமொழி கிடைக்கலாம். இங்கே ஆறு இல்லை. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் அறிந்த எவருக்கும் நிலத்தின் கீழே நீர் எப்படி ஓடுகிறது என்று விளக்கத் தேவையில்லை. ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்துத் துலாவிலே ஏறி வரும். சுன்னாகத்தில் நாம் இதைக் கண்டோம். அங்கு இயங்கிய தனியார் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளிற் கலந்துவிட்டதென மக்கள் முறையிட்டனர். 2015இன் தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவினால் அந்நிலையத்தின் இயக்கம் நின்றது. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் நிலத்தடி நீர் மாசடைந்தமைக்கு அந்நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டோருக்கென 2 கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. இடைப்பட்ட காலமெல்லாம் அங்குள்ள குடும்பங்கள் பவுசர் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்து நின்றன.

ஆகவே வேறிடத்திற் பரிசு பெற்ற முறை இங்கே கிணற்றைக் கெடுக்கலாம். குடாநாட்டுக்கென வினாவை நாமே எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான். எந்த யோசனையானாலும் அதில் மிஞ்சும் நீரும் சாம்பலும் சேறும் எத்தனை கிலோ, எங்கே போய்ச் சேரும் என்பதை மாணவர் எழுதித் தரவேண்டும். எழுதாதவர் அடுத்த சுற்றுக்குப் போகக்கூடாது. நடுவர் குழுவிலே பேராசிரியரும் பொறியியலாளரும் இருக்கட்டும். அவர்களோடு தோட்டக்காரர் ஒருவரும் சூளையிலே வேலை செய்பவர் ஒருவரும் இருக்கவேண்டும். தன் கிணற்று நீரை வெங்காயத்துக்கு இறைப்பவர் கேட்கும் கேள்வி, பட்டதாரி கேட்கும் கேள்வியிலும் பார்க்கக் கடினமானதாயிருக்கும்.

சூளைத் தொழிலாளி வேண்டுமென்பதற்கும் காரணம் உண்டு. வங்காளதேசத்திலே 276 செங்கற் சூளைகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2025இல் வெளியானது. புதிய இயந்திரம் எதுவும் கொடுக்கப்படவில்லை. கற்களை அடுக்கும் முறையையும் எரிபொருளைச் சிறிது சிறிதாக இடும் முறையையும் உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் சொல்லிக்கொடுத்தனர். அதைக் கைக்கொண்ட சூளைகளில் எரிபொருட் பாவனை நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. காபனீரொட்சைட்டும் நுண்தூசும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. செலவு குறைந்தபடியால் உரிமையாளர் அதைக் கைவிடவில்லை. இப்படியான தீர்வைக் கொண்டுவரும் குழுவுக்கு எமது பொருட்காட்சிகளிலே பரிசு கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம். மின்குமிழ் எரியவேண்டும், விசிறி சுழலவேண்டும் என்றே நாம் பழகிவிட்டோம்.

பணப் பரிசு பற்றியும் ஒரு சொல். காசோலையைக் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் யோசனை அன்றோடு முடிந்துவிடும். அந்தப் பணத்தை ஒரு வருடப் பரீட்சார்த்தத்துக்கு ஒதுக்கி, ஒரு பேக்கரியையோ சூளையையோ அக்குழுவுக்கு ஒப்படைக்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். விறகு மிச்சமாகும் என்றால் இணங்கும் முதலாளிமார் எமது ஊர்களில் உள்ளனர். பரீட்சை நெருங்கும் வருடத்தில் பெற்றோர் முணுமுணுப்பர் என்பது தெரியும். ஆகவே பாடசாலை மாணவர்களைப் பொறுத்தவரை உயர்தர முதலாம் வருடத்தவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வினாக்களுக்குப் பஞ்சமில்லை. சீமெந்துக் கட்டியின் அளவைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணக்கல்லும் சேர்க்கும் புதிய வகைச் சீமெந்தைச் சுவிற்சர்லாந்து, கியூபா, இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர், சென்னை ஐ.ஐ.ரி.யும் அதில் ஈடுபட்டது. சாதாரண சீமெந்தோடு ஒப்பிட அதன் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. வெண்களி கலந்த மண் அதற்குச் சிறந்தது. முருங்கன் களிமண் உதவுமா? ஒரு சாக்கு மண்ணும் ஆய்வுகூட உலையும் இருந்தாற் பார்த்துவிடலாம். காங்கேசன்துறையில் மீண்டும் சீமெந்து என்று எவராவது பேச வரும்போது, அம்முடிவைக் கையில் வைத்திருப்பவர்கள் எமது மாணவர்களாக இருப்பர்.

அதற்கு முன்னர் செய்யக்கூடியது இன்னும் எளிது. ஒரு போறணைக்கு நாளொன்றுக்கு எத்தனை கிலோ விறகு போகிறது, எத்தனை இறாத்தல் பாண் வருகிறது, எத்தனை கிலோ சாம்பல் மிஞ்சுகிறது, அந்தச் சாம்பலை எங்கே கொட்டுகிறார்கள்? ஒவ்வொரு குழுவும் தன் ஊர்ப் பேக்கரியில் ஒரு மாதம் தராசோடு நின்று இதனை எழுதி வரட்டும். முதற் சுற்றுக்கு அது போதும்.